இரண்டு ஆளும் ஒரு கயிறும்

கடலுக்குப் பயப்படாமல் என் அக்காளுக்கு மட்டும் பயந்து வாழ்ந்த என் மிக்கேல் மச்சானுக்கு,

நீர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இது ஆத்துமாக்களின் மாதம். ஊரில் எல்லோரும் இறந்தவர்களின் பெயரைப் பூசைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். உம் பெயரை அக்காள் முதல் நாளே கொடுத்துவிட்டாள். எனக்கு வெறும் பெயரோடு நிறுத்த மனம் வரவில்லை. பங்குப் பத்திரிகையில் கொஞ்சம் இடம் இருக்கிறது என்றார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். அதில் ஆறாவதை இரண்டு தடவை படித்ததால் அந்த வகுப்பு மட்டும் எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

முதலில் ஊர்ச் செய்தி. யுத்தம் முடியவில்லை. கப்பல் வரத்து பாதிக்கு மேல் நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைக்கிறது. இருட்டினால் விளக்கை மூடி வைக்க வேண்டும். உம் மகன் அருளுக்கு ஆண் குழந்தை பிறந்து உம் பெயரை வைத்திருக்கிறார்கள். உம்மைப் போலவே வயிறு நிறைந்த உடனே தூங்கிவிடுகிறான். என் முழங்கால் போய்விட்டது. என்னை நம்பி இனி எவனும் கயிற்றைக் கொடுக்க மாட்டான். கடற்கரைச் சாலையில் ஒரு பஞ்சுக் கிட்டங்கிக்குக் காவல் இருக்கிறேன். கப்பல் இல்லாததால் உள்ளே பஞ்சும் இல்லை. காலி இடத்தைக் காவல் காப்பதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஊரில் உண்டா?

வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் புரியட்டும் என்று ஒன்று சொல்லிக்கொள்கிறேன். முத்துக்கும் சங்குக்கும் குளிக்கிறவன் தன் கயிற்றை எல்லோரிடமும் கொடுப்பதில்லை. மனைவியின் தம்பியிடமோ அண்ணனிடமோதான் கொடுப்பான். உடன்பிறந்தவள் தாலிக்காகவாவது மச்சினன் கண் இமைக்காமல் நிற்பான் என்று நம்பிக்கை. நீர் கீழே போவீர். நான் வள்ளத்தில் நின்று கயிறு பிடிப்பேன். பதினாறு வருஷம் இப்படி. ஊர் உம்மைப் பார்த்தது. என்னை ஒரு தூணைப் பார்ப்பது போலப் பார்த்தது. அதிலும் பேசுகிற தூண் என்று பெயர். கடைசியில் உம்மைக் கொண்டு போனது கடல் இல்லை. கரையில், கட்டிலில், சளிக் காய்ச்சல்.

சரி, வந்த விஷயத்துக்கு வருகிறேன். என் மகள், உம் மருமகள் செலின், என் பேச்சை மீறிவிட்டாள். அதற்கு ஆதி காரணம் நீர்தான்.

ஐந்து வயதுப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு விடிய விடிய நாடகம் பார்க்கக் கூட்டிப் போனது யார்? நாற்பது பேர் நடிப்பார்கள். ஏழு திரை விழும். ராஜா நெஞ்சில் அம்பு பாய்ந்த பிறகும் அரை மணி நேரம் பாடுவார். நாம் 'ஒன்ஸ்மோர்' கேட்டால் எழுந்து வந்து மறுபடியும் சாவார். அதைப் பார்த்த பிள்ளை இப்போது கன்னியர் பள்ளியில் டீச்சர். பள்ளி விட்டு வந்ததும் ஒரு நோட்டில் நாடகம் எழுதுகிறாள். ஆனால் என்ன நாடகம்? இரண்டே ஆள். முக்கால் மணி நேரம். திரை இல்லை, பாட்டு இல்லை, ஆர்மோனியம் இல்லை.

"ஏளா, இது நாடகமா, இல்ல நாடகத்துல மிச்சம் விழுந்த துண்டா?" என்று கேட்டேன்.

"மிச்சம்னு வச்சுக்கோங்கப்பா. முள்ளு எடுத்த மீனு மாதிரி."

"பாட்டாவது ஒண்ணு போடக்கூடாதா?"

"நீங்க வள்ளத்துல பாடிக்கிட்டா கயிறு பிடிச்சிய?"

பதில் தெரியாத இடத்தில் சிரித்துவிடுவது என் வழக்கம். சிரித்துவிட்டேன்.

இதற்குள் மணப்பாட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம். பையன் தங்கமானவன், கொழும்பில் கடையில் இருந்துவிட்டுத் திரும்பியவன். வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டு, பையனின் அம்மா எழுந்து போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்கள். "பொண்ணு நாடகம் எழுதுதாமே. அந்த நோட்டை அடுப்புல போட்டுட்டு வரட்டும் அண்ணாச்சி. எங்க வீட்டுக்கு அது சரிப்படாது." நான் தலையை ஆட்டிவிட்டேன். அவர்கள் வேறு ஏதாவது சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பேன். பெண்ணைப் பெற்றவன் தலைக்கு வேறு வேலை என்ன?

செலினிடம் சொன்னபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"ஒரு நாடகம் முடிச்சு வச்சிருக்கேன். அருள் அத்தானும் ஆபீஸ் செல்லையாவும் நடிக்காங்க. நீங்க வந்து உக்காந்து முழுசாப் பாருங்க. முடிஞ்சப்புறம் 'வேண்டாம்'னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, நோட்டை நானே அடுப்புல போடுதேன். சொல்லலைன்னா மணப்பாட்டுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

ஒரு வார்த்தை. சுலபம் என்று ஒத்துக்கொண்டேன். 'வேண்டாம்' என்பதைப் பல்லுக்குப் பின்னாலேயே தயாராக வைத்துக்கொண்டேன். போதாததற்கு நாடகம் போட இடம் கொடுத்ததும் நான்தான். என் காலிக் கிட்டங்கி. ராத்திரி விளக்கு ஏற்ற முடியாதே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, இரண்டு பக்கக் கதவையும் திறந்துபோட்டால் வெளிச்சத்துக்கு வெளிச்சமும் ஆச்சு, காற்றுக்குக் காற்றும் ஆச்சு. கடலுக்கு மறைப்பாகச் சாக்கு கட்டியது நான். வள்ளத்துக்குப் பதிலாக உப்பு மூட்டை இரண்டை இழுத்து வந்து போட்டது நான். நம்முடைய பழைய கயிற்றைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் நான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே எது பொய், எது நிஜம் என்று அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.

ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். அக்காள் முன்னால் பாயில் உட்கார்ந்தாள். பக்கத்தில் என் வீட்டுக்காரி. நான் மூன்றாவது வரிசையில், வள்ளத்துக் கூட்டாளிகளோடு. "என்னவே சூசை, ராஜா எப்ப வருவாரு?" என்று ஒருவன் கேட்டான். "ராஜாவுக்கு ரேஷன் கார்டு இல்ல, வரமாட்டாரு," என்றேன். சிரித்தார்கள். அதுவரை எல்லாம் என் கையில்தான் இருந்தது.

இரண்டு பேர் வந்து நின்றார்கள். அருள் கயிறு பிடிக்கிறவன், அதாவது நான். செல்லையா குளிக்கிறவன், அதாவது நீர். செல்லையாவை உமக்குத் தெரியாது. கப்பல் ஆபீஸ் குமாஸ்தா. முருங்கைக்காய் உடம்பு. கண்ணாடியைக் கழற்றினால் சுவரில் முட்டுகிறவன். கிணற்றில்கூட நீந்தத் தெரியாது. இவனா மிக்கேல் மச்சான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் கோவணத்தை இறுக்கினான், சிலுவை போட்டுக்கொண்டான், மூக்கைப் பிடித்தான், சாக்குக்குப் பின்னால் இறங்கினான். இறங்கினான் என்றுதான் சொல்ல முடிகிறது. தரை சமதளம். ஆனாலும் இறங்கினான்.

பிறகு அருள் தனியாக நின்றான். கயிறு அவன் கை வழியாக ஓடியது. ஒன்றும் பேசவில்லை. காலை அகட்டி நின்றவன் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றதுக்கு மாற்றிக்கொண்டே இருந்தான், வள்ளம் ஆடுகிற ஆட்டத்துக்கு. ஆடுகிறான் என்றுகூடத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் முன்வரிசைப் பெண்கள் எல்லோரும் லேசாக அசைகிறார்கள். என் முழங்காலும் தன்னால் மடங்கி நிமிர்கிறது. மச்சான், சிமெண்டுத் தரை அது. நான் காலையில் பெருக்கின தரை.

கயிறு நின்றதும் அருள் வாயை மூடினான். மூச்சை அடக்கிக்கொண்டான்.

இதை உம்மிடம் நான் சொன்னதே இல்லை. நீர் கீழே இருந்தீர், உமக்கு எப்படித் தெரியும்? நீர் முங்கியதும் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். என் நெஞ்சு அடைத்தால் உமக்கும் நேரமாகிறது என்று அர்த்தம். மற்றவர்கள் மனசுக்குள் எண்ணுவார்கள். எனக்கு எண்ணிக்கை நடுவில் தப்பிவிடும், அதனால் இந்த வழி. உம் மூச்சு என்னுடையதைவிட இரண்டு மடங்கு. ஆகவே நான் ஒரு தடவை விட்டு, மறுபடி பிடிப்பேன். செலின் போன வருஷம் கேட்டபோது அவளுக்கு மட்டும் சொன்னேன். இப்போது உம் மகன் அத்தனை பேர் முன்னால் அதைச் செய்துகொண்டு நிற்கிறான்.

நாடகத்தில் பேசாமல் நிற்க ஒரு ஆளா என்று கேலி செய்திருந்தேன். அந்த மௌனத்தில் வெளியே கடல் கேட்டது. அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது. நாற்பத்தெட்டு வருஷமாக என் காதில் இருப்பது. ஆனால் அன்றைக்கு அது கிட்டங்கிக்குள்ளே, சாக்குக்குப் பின்னால் இருந்தது.

அப்போது கயிறு கீழிருந்து வெடுக் வெடுக்கென்று இரண்டு வெட்டு வெட்டியது. வெட்டிவிட்டுத் தொய்ந்து போனது.

உமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்லபடி ஏற வேண்டுமானால் ஒரே இழுப்பு, உறுதியாக. இது வேறு, கீழே ஆள் ஆபத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். அருள் அசையவில்லை. தன் மூச்சு இன்னும் தீரவில்லை, நேரம் இருக்கிறது என்று நம்புகிறவனாகச் செலின் எழுதியிருக்கிறாள். ஒரு கணம் தாமதிக்க வேண்டும், பிறகு இழுக்க வேண்டும். அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

"இழுலே! இழு!" என்று கத்தியது நான்தானாம். இரண்டு வரிசையைத் தாண்டியிருக்கிறேன், இந்த முழங்காலோடு. அருளைத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி இழுத்தேன். சாக்கு மறைப்பு கிழிந்தது. மூட்டை சரிந்தது. செல்லையா குப்புற விழுந்து, வயிற்றால் தேய்ந்துகொண்டே என் காலடிக்கு வந்து சேர்ந்தான்.

"அண்ணாச்சி, நான் நல்லாத்தான் இருக்கேன். விட்டுருங்க," என்றான்.

திரும்பிப் பார்த்தேன். என் கூட்டாளிகள் மூன்று பேர் எழுந்து பாதி வழியில் நிற்கிறார்கள். எல்லோரும் அவரவர் மச்சானுக்குக் கயிறு பிடித்தவர்கள். ஆகவே நான் தனியாக ஓடவில்லை. முதலில் ஓடினேன், அவ்வளவுதான்.

சிரிப்பு எப்படிச் சிரித்தார்கள் என்று கேட்கிறீரா? ஓடு பெயர்ந்திருக்கும். அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இந்த ஓட்டம் உன் கல்யாணத்தன்னிக்குக் கோயிலுக்கு ஓடி வந்திருந்தா சாமியார் திட்டியிருக்க மாட்டாரே, ஏலே." மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிமெண்டுத் தரைக்கு எங்கிருந்து வந்தது அவ்வளவு தண்ணீர்? நான் கட்டிய சாக்கு. நான் கொடுத்த கயிறு. பின்னால் செல்லையா வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நான் உம்மையல்லவா இழுத்தேன்?

செலின் கதவருகே நின்றாள். அவள் நாடகத்தைப் பாழாக்கிவிட்டேன். அருகே போய், "மக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"வார்த்தை இப்ப சொல்லாதிங்க. நீங்க முழுசாப் பாக்கலை," என்றாள். குரலில் கோபம் இல்லை. "அடுத்த ஞாயித்துக்கெழமை முதல்ல இருந்து போடுவோம்."

மறு ஞாயிறு கூட்டம் இரண்டு மடங்கு. என்னைப் பார்க்க வந்தவர்கள் பாதி. வாசலில் அருள் நின்றுகொண்டு, "கயிறு பிடிச்சவங்க எல்லாம் கடைசி வரிசைக்குப் போயிருங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஏழு பேர் போனோம். என்னைச் சுவரோரமாக நடுவில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் ஆள் போட்டார்கள். இரண்டு வெட்டு வந்தபோது மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். எல்லாம் தெரிந்தும் அதே கடல். அருள் இழுத்தான். செல்லையா தலையைச் சிலுப்பிக்கொண்டு ஏறினான். அவன் முகத்தில் தண்ணீர் இல்லை, ஆனால் எல்லோரும் பார்த்தோம். கையில் ஒரு சங்கு. "இதுக்காகவா இவ்வளவு நேரம்?" என்று அருள் கேட்டான். என் பேச்சு, என் குரல். நீர் சிரிப்பதுபோல் செல்லையா சிரித்தான். உம்மைப் பார்த்ததே இல்லை அவன். எப்படி வந்தது?

போன வாரம் நான் காணாமல் விட்டது அதற்குப் பிறகுதான்.

அருள் கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தான். இரண்டு உப்பு மூட்டையையும் சேர்த்துப் போட்டான். செல்லையா அதன்மேல் படுத்தான். வேஷம் மாற்றவில்லை, நரை பூசவில்லை. படுத்த விதத்திலேயே பத்து வருஷம் போய்விட்டது. வள்ளம் கட்டிலானது. முழு ஆயுசையும் ஒருவன் படுக்கிற விதத்தில் காட்டிவிட முடியுமா, மச்சான்? நாற்பது பேரும் ஏழு திரையும் வைத்துக்கொண்டு அந்த ராஜாக்கள் காட்டினது என்ன?

அருள் கட்டிலோரம் உட்கார்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த விதம் கயிறு பிடிக்கிற விதம். இறுக்காமல், விடாமல், சின்ன அசைவும் கைக்குத் தெரிகிற மாதிரி. செல்லையாவின் நெஞ்சு ஏறியது, இறங்கியது. ஏறியது. அருள் வாயை மூடினான்.

எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வெளியே போக நினைத்தேன். இரண்டு பக்கமும் ஆள்.

நீர் போன அன்றைக்கு நடுப்பகல், உம் மூச்சு இழுத்து இழுத்து நின்று நின்று வந்தபோது, நான் என்ன செய்தேன் என்று உமக்குத் தெரியாது. வேறு என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. உம் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினேன். நான் விடாமல் இருந்தால் நீரும் மேலே வந்துவிடுவீர் என்று ஒரு மூட எண்ணம். கண் இருண்டது. காது அடைத்தது. கடைசியில் என்னால் முடியவில்லை. நான் மூச்சை விட்டுவிட்டேன். நீர் விடவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடச் சொன்னதில்லை, என்ன பாவம் என்று பெயர் சொல்வது? யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். வாசலில் கஞ்சிச் செம்போடு செலின் நின்றிருக்கிறாள்.

அருளின் கழுத்து நரம்பு புடைத்தது. முகம் கறுத்தது. கிட்டங்கியில் ஒரு இருமல் இல்லை. நூறு பேர் வாய் மூடிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவன் மூச்சை விட்டான். பெரிய சத்தத்தோடு, அசிங்கமாக, தொண்டை கிழிய. அதே கணம் அத்தனை பேரும் விட்டோம். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று ஆறாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. செல்லையாவின் நெஞ்சு மட்டும் அசையவில்லை. அருள் கையை எடுக்கவில்லை. பிடித்த பிடி பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான் நாடகம். திரை இல்லாததால் முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் கை தட்டவில்லை. சிலர் கோயிலில் இருப்பதுபோல முழங்காலிட்டுவிட்டார்கள்.

அக்காள்தான் முதலில் எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு, என்னிடம் வந்தாள்.

"நீ இப்படியாலே செஞ்ச?"

நான் தலையாட்டினேன்.

"உடம்பைக் கழுவணும்னு ஆளுக வந்து சொன்னப்பவும் நீ அவரு கையை விடல. நாந்தான் உன் வெரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். எதுக்கு இப்படிப் பிடிக்கான்னு எனக்கு அப்ப வெளங்கல." பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "அவரு சிரிப்பை அந்தப் பயலுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டாள். மூன்று வருஷமாக உம்மைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று வைத்திருந்தவள், கிட்டங்கி காலியாகும் வரை உம்மைப் பற்றியே பேசினாள்.

எல்லோரும் போனபின் செலின் மூட்டையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். கையில் நோட்டு.

"இப்ப சொல்லுங்கப்பா."

பல்லுக்குப் பின்னால் வைத்திருந்த வார்த்தையைத் தேடினேன். இல்லை. வேடிக்கையாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அதுவும் இல்லை. முக்கால் மணி நேரத்தில், இரண்டு ஆளையும் ஒரு கயிற்றையும் வைத்துக்கொண்டு, பதினாறு வருஷம் நான் என்ன வேலை செய்தேன் என்று என் பிள்ளை எனக்குக் காட்டியிருக்கிறாள். அவளை எந்த வார்த்தையால் தடுப்பது?

"அடுத்ததுக்கு எத்தன ஆளு?" என்று கேட்டேன்.

"ஒரே ஆளு," என்றாள். அப்போதுதான் அழுதாள்.

மச்சான், நோட்டு அடுப்புக்குப் போகவில்லை. மணப்பாட்டுக்காரர்களுக்குத் தபாலில் எழுதினால் நான் வளவளவென்று எழுதி விஷயத்தை விட்டுவிடுவேன் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். அவள் சொல்வது சரி. அதனால் வருகிற செவ்வாய்க்கிழமை கரியில் ஓடுகிற பஸ்ஸில் நானே போகிறேன். பையனின் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, தலையை ஆட்டாமல், வாயால் சொல்கிறேன்: என் மகள் நாடகம் எழுதுவாள், கல்யாணத்துக்கு முன்னும் எழுதுவாள், பின்னும் எழுதுவாள், அதை ஒருமுறை வந்து பார்த்துவிட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கள். வந்தால் முன்வரிசையில் பாய் போடுகிறேன். வராவிட்டால் அடுத்த வண்டியில் திரும்பி வருகிறேன், பெண்ணுக்கு வேறு இடம் பார்க்கிறேன். இது உமக்குக் கொடுக்கிற வாக்கு.

மறுபடியும் நான் மூச்சை விடுவேன், மச்சான். விடாமல் முடியாது. ஆனால் செலினின் கையை விட மாட்டேன்.

உம் பெண்டாட்டியின் தம்பி,
செலினின் தகப்பன்,
சூசை.